வீட்டுக் கணினியில் புகைப்படங்களைப் பேணும் முறை

ஆய்வுக்காகச் சங்கம் சங்கமாகச் செல்லும்போது, பதிவேடுகளைப் பார்த்து முடித்த பின்னர் அங்கத்தினர்கள் தங்கள் வீட்டுக் காரியங்களைப் பற்றியும் என்னிடம் பேசுவதுண்டு. பயிர்க்கடன், நூல் விலை ஆகியவற்றோடு இப்பொழுது ஒரு புது விஷயமும் அப்பேச்சில் சேர்ந்திருக்கிறது. "வீட்டுக் கணினியில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. முன்பு பிகாஸா என்றொரு மென்பொருள் அவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. அது நின்றுபோயிற்று. அதன் இடத்தில் எதை வைத்துக்கொள்வது?" என்பதே அது. பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நாகூரில் ஒரு வீட்டில் கண்ட சம்பவத்திற்குப் பிறகு, அவ்வாறு பெயரை மட்டும் சொல்லி அனுப்புவது சரியன்று என்று எனக்குப் பட்டது.

அந்த வீடு தர்காவுக்கு அருகிலுள்ள தெரு ஒன்றில் இருக்கிறது. வீட்டுக்குரியவர் நம் அங்கத்தினர், முதியவர். அவர் குடும்பத்தார் மூன்று தலைமுறையாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்கள். நாகூரில் இது புதுமையன்று. அக்கரையிலிருந்து வந்த ஸ்டுடியோப் படங்கள் அவர் வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய பேரன் அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து பிகாஸாவில் ஏற்றினான். பிறகு, அப்பொழுது உயிரோடிருந்த முதியவரின் உம்மாவைக் கணினியின் முன்னால் உட்காரவைத்து, "இது யார், அது யார்" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு முகத்திற்கும் பெயர் எழுதினான். இரண்டு மாத வேலை. அந்த அம்மையாரைத் தவிர வேறு எவருக்கும் அத்தனை முகங்களையும் தெரியாது.

அம்மையார் காலமானார். கணினியும் பழையதாகிவிட்டது. புதிது வாங்கியபோது, படங்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பழையதைக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். புதுக் கணினியில் திறந்து பார்த்தால் படங்கள் அத்தனையும் வந்திருக்கின்றன. முகங்களுக்கு எழுதிய பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை. "படம் இருக்குது தம்பி, ஆள் யாருன்னுதான் தெரியலை" என்றார் பெரியவர்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். சில படங்களின் கீழே பேரன் ஒரு வரியில் எழுதிய குறிப்புகள் மட்டும் புதுக் கணினியிலும் தெரிந்தன. ஒரே கையால், ஒரே மென்பொருளில் எழுதியவற்றில் சில மட்டும் பிழைத்து, மற்றவை அழிந்தது எவ்வாறு? இதற்கு விடை தெரிந்தவர்க்கு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் முக்காற்பங்கு தெளிந்துவிடும்.

ஒரு படத்தைப் பற்றி நாம் கணினியில் எழுதும் செய்தி மூன்று இடங்களில் ஒன்றில் தங்குகிறது. முதலாவது, படக்கோப்பின் உள்ளேயே தங்கலாம். அட்டைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பதற்கு இஃது ஒப்பாகும்; படம் எங்கே போனாலும் எழுத்தும் உடன்போகும். இரண்டாவது, படத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு தனிக்கோப்பில் தங்கலாம். இது ரசீதோடு குண்டூசியால் கோத்த துண்டுச்சீட்டு. கோத்தபடியே எடுத்துப் போனால் பிழைக்கும். உருவிக்கொண்டு போனால் இல்லை. மூன்றாவது, அந்த மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் பேரேட்டில் தங்கலாம். பேரேடு கணினியின் வேறொரு மூலையில் இருக்கும்; அதைப் படிக்க அந்த மென்பொருளே வேண்டும்.

பிகாஸா இம்மூன்றையும் கலந்து செய்தது. ஜேபெக் படத்தின் கீழே எழுதும் குறிப்பை அது படத்தின் உள்ளேயே எழுதிற்று. ஆகவே நாகூர் வீட்டில் குறிப்புகள் பிழைத்தன. முகத்திற்கு எழுதிய பெயரையோ, நாம் தனியே சொல்லியிருந்தாலன்றிப் படத்திற்குள் எழுதவில்லை. அந்தந்த அடைவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்பிலும் தன் பேரேட்டிலும் வைத்துக்கொண்டது. படத்தை வெட்டியதும், வெளிச்சம் கூட்டியதும், 'சேமி' என்று கட்டளையிடும் வரையில் அந்த மறைகோப்பில்தான் இருந்தன. படங்களை வெவ்வேறு அடைவுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த ஆல்பங்களும் படத்திற்குள் எழுதப்படவில்லை. பேரன் பென் டிரைவில் படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தபோது மறைகோப்புகள் கண்ணில் படவில்லை. அவன் மீது குற்றமில்லை. பேரேடு எங்கேயிருக்கிறது என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

பிகாஸாவின் வரலாறும் சிறிது தெரிந்திருப்பது நல்லது. கூகுள் நிறுவனத்தார் அதனை 2004ஆம் ஆண்டு ஜூலையில் வாங்கி, எல்லாருக்கும் விலையின்றி அளித்தார்கள். 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில், இனி இதனைப் பேணமாட்டோம் என்று அறிவித்து, அவ்வாண்டு மார்ச் 15ஆம் தேதியோடு கைவிட்டார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் போட்டோ கேலரியும் 2017 ஜனவரியில் அவ்வாறே முடிந்தது. விலையில்லாப் பண்டம் ஆதலால் நின்றது என்பர் சிலர். ஆப்பிள் நிறுவனத்தாரின் அபெர்ச்சர் விலைகொடுத்து வாங்கவேண்டியது. அதுவும் நிறுத்தப்படுவதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. அடோபி நிறுவனத்தார் 2013 முதல் போட்டோஷாப் முதலியவற்றைச் சந்தா முறைக்கு மாற்றினர். லைட்ரூம் என்னும் படப்பேழையையும் ஆறாம் பதிப்புக்குப் பின் ஒரே விலைக்கு விற்பதில்லை. சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் அறை பூட்டிக்கொள்ளும். படம் பிடிப்பதே தொழிலாக உள்ளவர்க்கு அது கட்டுபடியாகலாம். கல்யாணப் படமும் கந்தூரிப் படமும் வைத்திருக்கும் வீட்டுக்கு மாதவாடகை எதற்கு என்பதே என் அபிப்பிராயம்.

பிகாஸாவின் இடத்தில் கூகுள் போட்டோஸை வைத்துக்கொண்டவர்கள் மிகப் பலர். அது 2015இல் தொடங்கியபோது அளவின்றி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து, மின்னஞ்சல் முதலியவற்றையும் சேர்த்துப் பதினைந்து ஜிபி வரையில்தான் இலவசம் என்றார்கள். தேடுவதற்கு அது மிக வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து படங்களை மொத்தமாக வெளியே எடுக்கும்போது, அங்கே நாம் எழுதிய குறிப்புகள் படத்திற்குள் இல்லாமல் தனித்தனித் துண்டுக்கோப்புகளாக வந்து சேர்கின்றன. குண்டூசி கழன்ற ரசீதுகள்! ஆகவே அதனை இரண்டாவது பிரதி வைக்கும் இடமாகக் கொள்ளலாம்; மூலப்பெட்டியாகக் கொள்ளலாகாது.

இனித் தேர்வுக்கு வருவோம். கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் சேரும்போது, பங்குத்தொகை எவ்வளவு என்று கேட்பதோடு, விலகினால் அத்தொகை எவ்வாறு திரும்பும் என்பதையும் துணைவிதிகளில் பார்த்துக்கொள்வது வழக்கம். மென்பொருளிடமும் அக்கேள்வியையே முதலில் கேட்கவேண்டும். எத்தனை அழகாகத் திருத்தும், எத்தனை வேகமாகத் தேடும் என்பன அடுத்தபடி. நான் எழுதும் பெயரும் ஊரும் தேதியும் படத்தின் உள்ளே போய்த் தங்குமா? நாளை வேறொரு மென்பொருள் அதனைப் படிக்குமா? படத்திற்குள் குறிப்பெழுதுவதற்கென்று எல்லாருக்கும் பொதுவான முறைகள் உள்ளன. எக்ஸ்.எம்.பி. என்பது அவற்றுள் இப்பொழுது பெரிதும் வழங்குவது. தமிழ் எழுத்தையும் பழுதின்றி ஏற்பது. அதனை எழுதவும் படிக்கவும் தெரிந்த மென்பொருளே நம் வீட்டுக்கு உரியது.

இவ்வளவுகோலால் அளந்தால் எனக்கு முதலாவதாக நிற்பது டிஜிகாம். இது எந்த ஒரு நிறுவனத்தாரின் சொத்துமன்று. தன்னார்வலர்கள் கூடி எழுதிவருவது. மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருப்பது. ஆதலால் எழுதுவோர் ஒருவர் விலகினாலும் வேறொருவர் தொடரலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். வகைப்பெயர்களைக் கிளை கிளையாக அமைக்கலாம். உதாரணமாக, 'ஊர்' என்ற கிளையின் கீழ் நாகூர், பினாங்கு என்றும், 'சேலைக் கரை' என்ற கிளையின் கீழ் மயில்கண், ருத்திராட்சம், தாழம்பூ என்றும் வைத்துக்கொள்ளலாம். முகங்களை அடையாளம் காணும் வசதியும் உண்டு; அந்த வேலை நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது, படங்கள் வெளியே போவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. டிஜிகாமும் தனக்கென்று ஒரு பேரேடு வைத்திருக்கிறது. முதன்முறை திறக்கும்போது, குறிப்புகளைப் படக்கோப்பிலும் எழுதலாமா என்று அது ஒரு கேள்வி கேட்கும். பலர் அவசரத்தில் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அங்கே 'எழுது' என்று விடையளிக்க வேண்டும். தவறவிட்டவர்கள் அமைப்புப் பகுதியில் மெட்டாடேட்டா என்னும் பிரிவில் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு விடையை மறந்தால், நாகூர் வீட்டுக்கு நேர்ந்ததே மறுபடியும் நேரும். மென்பொருளின் பெயர்தான் வேறாயிருக்கும்.

டிஜிகாமின் குறை, அது கனமானது. நான்கு ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில் அது நகர்வதைப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அத்தகைய கணினிக்கு எக்ஸ்என்வியூ எம்.பி., ஃபாஸ்ட்ஸ்டோன், இர்ஃபான்வியூ ஆகியவை இலேசானவை. பார்க்க, பெயர்மாற்ற, சிறிது வெட்ட இவை போதும். பெரிய பேழையை ஆள்வதற்கு எக்ஸ்என்வியூவைத் தவிர மற்றவை போதா. ஒன்று சொல்லவேண்டும்: இம்மூன்றும் வீட்டு உபயோகத்திற்குத்தான் இலவசம். சங்க அலுவலகக் கணினியில் போடுவதானால் உரிமம் வாங்கவேண்டும். "வீட்டில் சும்மா கிடைத்ததே" என்று அலுவலகத்தில் போட்டுவைப்பதைச் சில சங்கங்களில் கண்டிருக்கிறேன். டிஜிகாமுக்கும் பின்னர்ச் சொல்லப்போகும் ஜிம்புக்கும் இத்தடை கிடையாது. வீடாயினும் சங்கமாயினும் ஒன்றே.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. புது விண்டோஸை ஏற்காத கணினிகள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் முதலியவற்றுள் ஒன்றைப் போட்டு, படப்பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் ஷாட்வெல் என்னும் எளிய மென்பொருளும் உண்டு. அதிலும் குறிப்புகளைப் படத்திற்குள் எழுதும்படி விருப்பப்பகுதியில் ஒரு குறியிடவேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், மொத்தப் படங்களையும் ஏற்றுமுன் ஒரு சோதனை செய்க. ஐந்து படங்களின் நகலை ஒரு புது அடைவில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு குறிப்பு எழுதி, ஒரு வகைப்பெயரும் கொடுங்கள். மென்பொருளை மூடிவிட்டு, அந்த ஐந்து படங்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கணினிக்குப் போங்கள். அங்கே வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். எழுதியது எழுதியபடி தமிழில் தெரிந்தால் அம்மென்பொருளை நம்பலாம். தெரியாவிட்டால் அமைப்பைத் திருத்தி மறுபடி சோதிக்கவும். அரைமணி நேர வேலை. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ, ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ தெரிந்தால், பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். யூனிகோடு முறையிலேயே எழுதவேண்டும். தமிழக அரசே 2010இல் அதனை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிகாஸா இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி எவர் வீட்டிலாவது இருந்தால், அவர்கள் பாக்கியசாலிகள். அதை அணைத்துவிடுமுன், அதன் விருப்பப்பகுதியில் பெயர்க்குறிகளைப் படத்திலேயே சேமிக்கும்படி ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் குறியிட்டுப் பெயர்களைப் படங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். திருத்திய படங்களையும் 'சேமி' என்று கட்டளையிட்டு நிலைப்படுத்துங்கள். மூலப்படத்தை அது ஒரு மறை அடைவில் தனியே வைத்துக்கொள்ளும். பிறகு, மறைகோப்புகளும் தெரியும்படி செய்துகொண்டு, அடைவுகளை முழுமையாக நகலெடுங்கள். இவ்வாறு எழுதப்பட்ட முகப்பெயர்களை டிஜிகாம் படித்துக்கொள்ளும்.

திருத்துவதைப் பற்றிச் சில வார்த்தை. பழைய படத்தின் கீறலையும் கறையையும் நீக்க ஜிம்ப் போதுமானது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய வேலை அது. 2025 மார்ச்சில் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பழகுவதற்குச் சற்றுக் கடினம் என்பது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியவை மூன்றே கருவிகள்: மங்கிய படத்திற்கு வெளிச்ச அளவைச் சீராக்கும் 'லெவல்ஸ்', கீறலை அருகிலுள்ள நிறத்தோடு இழைக்கும் 'ஹீல்', ஓரிடத்தைப் பார்த்து மற்றோரிடத்தில் அப்படியே இடும் 'குளோன்'. கைக்கடக்கமான பழைய படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, டிஃப் வடிவில் மூலமாக வைத்துக்கொண்டு, நகலில்தான் கைவைக்க வேண்டும். கணக்கில் தவறு நேர்ந்தால் சுரண்டி அழிப்பதில்லை. கோடிட்டு மேலே எழுதுகிறோம். படத்திற்கும் அதுவே முறை.

ஜேபெக் வடிவில் திருத்தித் திருத்திச் சேமித்தால் படம் ஏன் கெடுகிறது என்று நெசவாளர்களுக்குச் சொல்வது எளிது. டிசைன் எழுதும் கட்டத்தாளைப் போலவே படமும் சிறு கட்டங்களால் ஆனது. ஜேபெக் அதனை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுட்பங்களைத் தள்ளிவிட்டுச் சுருக்குகிறது. கைமாற்றிச் சேமிக்குந்தோறும் மீண்டும் கொஞ்சம் தள்ளுகிறது. ஒரு டிசைனைப் பார்த்து எழுதிய நகலிலிருந்து இன்னொரு நகல், அதிலிருந்து மற்றொன்று என்று போனால் ஜரிகைக் கொடி என்னவாகும் என்பது திருபுவனத்திலும் கூறைநாட்டிலும் தறியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சேலையைப் படம் பிடித்து விற்பனைக்கு அனுப்புவோர் வண்ணத்தைப் 'பளிச்சென்று' ஆக்கும் பொத்தானைத் தொடாதிருப்பது நலம். அரக்கு என்று பார்த்து வாங்கியவர் கையில் மாம்பழச் சிவப்பு வந்தால் சேலை திரும்பி வரும். சேலையோடு ஒரு வெள்ளைத்தாளையும் வைத்துப் படமெடுத்து, 'லெவல்ஸ்' கருவியில் அத்தாளை வெள்ளை என்று சுட்டிக்காட்டினால், டியூப் லைட்டின் சாயல் பெரும்பாலும் நீங்கிவிடும். அவ்வளவு திருத்தம் போதும்.

விவசாயிகளுக்கு வேறொரு கவலை. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறிய பின், சாய்ந்த தென்னையையும் மூழ்கிய வயலையும் படமெடுக்காத வீடு நம் மாவட்டத்தில் அரிது. கைப்பேசி எடுக்கும் படத்திற்குள் எடுத்த நாளும் நேரமும், வசதியைத் திறந்து வைத்திருந்தால் இடமும், தாமாகவே பதிவாகின்றன. அப்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், போய்ச்சேரும் நகலில் அப்பதிவுகள் இரா, படமும் சுருங்கியிருக்கும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் உள்ளபடி போகும். ஆகவே சேதப் படங்களின் மூலத்தைக் கைப்பேசியிலிருந்து கம்பி வழியாகக் கணினியில் இறக்கி, தொடாமல் வைத்திருங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்திற்குத் தானே வண்ணம் தீட்டி, மங்கிய முகத்தைத் 'தெளிவாக்கும்' மென்பொருள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை படத்தில் இருப்பதைத் தெளிவாக்குவதில்லை. இல்லாததை ஊகித்து வரைகின்றன. பாட்டனார் முகம் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் அது பாட்டனார் முகமாக இராது. பொழுதுபோக்குக்கு ஒரு நகலில் செய்து பார்ப்பதை நான் தடுக்கவில்லை.

பிரதிகளைப் பற்றி நம் கரையோர மக்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. இறந்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு படமும் மிஞ்சாத வீடுகளும் இருந்தன. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று என்று மூன்று பிரதிகள் இருக்கட்டும். பென் டிரைவைப் பெட்டகமாக நம்பவேண்டா. அது சுமந்து செல்வதற்கு ஏற்பட்ட பை.

நாகூர்ப் பெரியவர் வீட்டில் இப்பொழுது டிஜிகாம் ஓடுகிறது. பேரன் ஞாபகத்திலிருந்து எழுதக்கூடிய பெயர்களை மறுபடியும் எழுதிவிட்டான். இம்முறை அவை படத்திற்குள் இருக்கின்றன. ஐந்துபடச் சோதனையை என் முன்னாலேயே செய்து காட்டினான். மற்றப் படங்களைப் பினாங்கிலிருக்கும் பெரியவரின் மூத்த சகோதரிக்கு ஹார்டு டிஸ்கில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மையாருக்கு எண்பத்தாறு வயது. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறதாம். அவரோடு உட்கார்ந்து பெயர் எழுத அங்குள்ள பேத்தி ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.